என்னை ஏற்ற வந்த கார்

கராஜில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக, பழைய சொகுசுக் கார் வாங்க வருகிறவர்களுக்கு என்னென்ன கோளாறுகளைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நாலு பக்கம் எழுதித் தரும்படி இப்போதைய முதலாளி கேட்டார். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்டது கிடையாது. ஆகவே அவர் கேட்டு முடிக்கும் முன்பே ஓம் என்று சொல்லிவிட்டேன்.

சொகுசுக் காரில் முதலில் பழுதாவது அதை வாங்க வருகிறவரின் காது. கதவை மூடும்போது ‘தும்’ என்று பணிவாக ஒரு சத்தம் வரும். அதைக் கேட்ட பிறகு வேறு எந்தச் சத்தமும் அவருக்குக் கேட்காது. எஞ்சினுக்குள் சட்டி பானை உருண்டாலும் அது விலை உயர்ந்த சட்டி பானை என்று நினைத்துக்கொள்வார். அவருக்குப் பதிலாகக் கேட்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

விற்கிறவர் சொல்லும் கதையையும் கேட்டுக்கொள்ளுங்கள். பொழுதுபோகும். எங்கள் பக்கத்தில் விலைக்கு வரும் எல்லாச் சொகுசுக் காரும் கொழும்பில் ஒரு டொக்டர் வைத்து ஓடியது. இத்தனை கார்களை ஓடுவதற்கு அந்த டொக்டர்மார் நோயாளிகளைப் பார்ப்பதையே விட்டிருக்க வேண்டும்.

நகரத்து வியாபாரி ஒருவர் மகளின் கலியாணத்துக்காக, கூரை திறக்கும் கார் ஒன்றை வாங்கினார். திறக்கும் கூரையைச் சுற்றி விழும் மழைநீர் மெல்லிய குழாய்கள் வழியாகக் கீழே இறங்க வேண்டும். அந்தக் குழாய்களைத் தூசும் சருகும் அடைத்திருந்தன. கலியாணத்தன்று மழை. மண்டப வாசலில் பிரேக் போட்டபோது கூரைக்குள் தேங்கிநின்ற தண்ணீர் முழுவதும் முன் ஆசனத்திலிருந்த சம்பந்தியின் தலையில் இறங்கியது. பன்னீர் தெளிப்பதில் புது முறை என்று சிலர் நினைத்தார்களாம். ஒரு செம்புத் தண்ணீரைக் கூரை மூலையில் ஊற்றி, அது எங்கே வெளியே வருகிறது என்று பார்த்திருந்தால் போதும். அந்தக் காரைப் பார்த்துக் கொடுத்தது நானல்ல. அதனால்தான் கதையை இவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறேன்.

உங்கள் ஸ்கானரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைச் செருகியதும் ‘பழுது இல்லை’ என்று திரையில் வருகிறது. உடனே உங்கள் முகம் மலர்கிறது. நேற்றே இன்னொருவர் இன்னொரு ஸ்கானரால் காரின் நினைவை அழித்திருந்தால் அது வேறு என்ன சொல்லும்? அழித்த பிறகு கார் தன்னைத்தானே சோதித்து முடித்திருக்கிறதா என்று பாருங்கள். முடிக்கவில்லை என்றால், நேற்று ஏன் அழித்தீர்கள் என்று விற்கிறவரிடம் மரியாதையாகக் கேளுங்கள். பதிலைவிட, பதில் வர எடுக்கும் நேரம் பிரயோசனமானது.

இனி முக்கியமான விஷயம். இரவு முழுக்க நின்ற கார்தான் உண்மை பேசும். பழைய சொகுசுக் கார்களில் இரண்டு நோய்கள் பொதுவானவை. ஒன்று, எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயின். அதை இறுக்கிப் பிடிக்கும் பாகம் தேய்ந்துவிட்டால், குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு சில கணங்களுக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவது போலச் சத்தம் வரும். ஒயில் மேலே ஏறியதும் சத்தம் அடங்கிவிடும். பிறகு அன்று முழுவதும் கார் உத்தமன். மற்றது, காற்றில் தாங்கும் சஸ்பென்ஷன். காற்றுப்பை கசிந்தால், இரவு நிறுத்திய கார் காலையில் ஒரு பக்கம் குந்தியிருக்கும். ஸ்டார்ட் பண்ணியதும் பம்ப் ஓடிக் காரைத் தூக்கிவிடும். பிறகு அதுவும் உத்தமன். ஆகவே எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமுன் நீங்கள் அங்கே நிற்க வேண்டும். சூடான கார் கிடைத்தால், நாளைக்கு வருகிறேன் என்று சொல்லித் திரும்ப வேண்டும். இந்த விதியை நம் கராஜில் கொண்டுவந்தவன் நான். அதை மீறி ஒரு மனிதனைக் கெடுத்தவனும் நான்.

அவர் பெயர் ரஹீம். கிண்ணியாக்காரர். வேன் ஓடிப் பிழைத்தவர். வழியெல்லாம் சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில் கொழும்புக்கு ஆட்களை ஏற்றிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்தவர். ‘ரஹீமின் வேனில் போனால் தூங்கலாம்’ என்பார்கள். அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து.

நிலாவெளியில் ஒரு ஹோட்டல் முகாமையாளர் அவரிடம் சொல்லியிருக்கிறார்: “உன்ர ஓட்டம் நல்லம் ரஹீம். ஆனா அந்த வேனில வெள்ளைக்காரரை ஏத்தினா மீன் ஏத்துற மாதிரிக் கிடக்கு. நல்ல காரா ஒண்டு எடு. சீசன் ஓட்டம் முழுக்க உனக்குத்தான்.” ரஹீம் வேனை விற்றார். விற்ற கையோடு என்னிடம் வந்தார்.

“சேர், வேனக் குடுத்துட்டன். இனித் திரும்பிப் போக வழி இல்ல. நிலாவெளியில ஒரு ஜெர்மன் கார் இரிக்கி. நீங்க ஓமெண்டா எடுக்கிற. வேணாமெண்டா வேணாம்.”

‘சேர்’ என்பதைக் கவனியுங்கள். திருகோணமலையில் மேசன், தச்சன் போலக் கராஜில் வேலை செய்கிறவனையும் ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவன். யாராவது ‘பாஸ்’ என்றால் அவர் ‘சேர்’ என்று திருத்தும்வரை திரும்பிப் பார்க்க மாட்டேன். ஊர் முழுக்க அந்தச் சொல்லைப் பழக்கிவிட எனக்குப் பல வருடங்கள் எடுத்தன. எஞ்சின்களைப் பற்றிப் படிக்கவும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் எடுத்தது.

காரின் சொந்தக்காரர் நாகராசா. நிலாவெளியில் தங்குவிடுதி ஒன்று கட்டிக்கொண்டிருந்த ஒப்பந்தக்காரர். மிகவும் மரியாதையான மனிதர். மரியாதையான மனிதர்களிடம் நீங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முரடனிடம் முகம் முறித்துப் பேசிவிடலாம். டெலிபோனில் அவரிடம் தெளிவாகச் சொன்னேன்: “விடிய பஸ்ஸில வாறன். நான் வரும் வரைக்கும் காரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.”

“ஓம் ஓம், அதுக்கென்ன சேர்” என்றார்.

மறுநாள் விடிய, ஓர்ஸ் ஹில்லில் என் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு பஸ்ஸுக்குப் புறப்படுகிறேன். வாசலில் கறுப்பாக, கண்ணாடி போல, அந்தக் கார் நிற்கிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. முன் ஆசனத்தில் ரஹீம். நாகராசா இறங்கி வந்து எனக்குப் பின் கதவைத் திறந்து பிடிக்கிறார்.

“ஸ்டார்ட் பண்ண வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்” என்றேன். கொஞ்சம் கோபமாகச் சொன்னதாகத்தான் ஞாபகம்.

“சேரை பஸ்ஸில வரவிட்டிட்டு நான் வீட்டில இருக்கிறதோ? மனிசி என்னை உயிரோட விடமாட்டா. நீங்கள் ஏன் மினக்கெடுவான்? ரஹீமையும் சந்தியில ஏத்திக்கொண்டு வந்தனான். ஏறுங்கோ, ஏறுங்கோ.”

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு எங்களைப் பார்த்தார். அவர் என்னை அதற்குமுன் அப்படி நின்று பார்த்ததில்லை.

அந்த நேரத்தில் நான் சொல்ல வேண்டிய வசனம் மிகச் சிறியது: ‘காரைக் கொண்டுபோய் நிறுத்துங்கள், நாளைக்கு வருகிறேன்.’ அது தொண்டைவரை வந்தது. திறந்த கதவு வழியாக ஏசிக் காற்றும் வந்தது. நான் ஏறிக்கொண்டேன். கதவு ‘தும்’ என்று பணிவாக மூடியது.

கடற்கரை வீதியால் நிலாவெளிக்குப் போனோம். ஒரு குறையும் இல்லாத ஓட்டம். என்னை ஏற்ற வந்த வழியிலேயே எஞ்சின் சூடாகிவிட்டது, கார் நிமிர்ந்துவிட்டது. பார்க்க வேண்டிய இரண்டு நோய்களும் நான் படலையைத் திறக்க முன்னரே மறைந்துவிட்டன. நாகராசாவின் வீட்டு முற்றத்தில் மற்ற எல்லாவற்றையும் பார்த்தேன். மிக நுணுக்கமாகப் பார்த்தேன். கள்ளன் வந்துபோன வீட்டில் ஜன்னல் கம்பிகளைத் தட்டிப் பார்ப்பது போல. காருக்கு அடியில் படுத்து எழும்பியபோது முதுகில் மண் பட்டிருந்தது. நாகராசாவே தட்டிவிட்டார்.

அப்போதும் பிந்திவிடவில்லை. இன்றிரவு கார் இங்கேயே நிற்கட்டும், நான் காலையில் வந்து ஒருமுறை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். நாகராசாவின் மனைவி சாப்பிட வரச்சொன்னார்.

பாரைக் குழம்பு, இறால் பொரியல், கணவாய். “ரஹீம் தம்பி, கூச்சப்படாமச் சாப்பிடுங்கோ. நீங்கள் வாறியள் எண்டு இறைச்சி ஒண்டும் எடுக்கேல்ல. எல்லாம் மீன்தான். சட்டியும் புதுச் சட்டி” என்றார் அந்த அம்மா. ரஹீமின் கண் கலங்கிவிட்டது. எனக்கும் மனம் நெகிழ்ந்தது. இப்படிப்பட்ட வீட்டில் சாப்பிட்டுவிட்டு, ‘உங்கள் காரை நான் நம்பவில்லை, நாளைக்கு வருகிறேன்’ என்று எந்த வாயால் சொல்வது? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யக்கூடாது என்று சிறு வயதில் படித்திருந்தேன். நிறையப் படித்தவன் நான். எந்த இடத்தில் எதை மறக்க வேண்டும் என்பதை மட்டும் படிக்கவில்லை.

கிணற்றடியில் கை கழுவும்போது ரஹீம் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். “சேர், எல்லாம் பாத்தாச்சா?”

“பார்த்தாச்சு” என்றேன்.

இந்தத் தொழிலில் நான் சொன்ன பொய்களில் மிகச் சிறியது அதுதான். நீளத்தில்.

ரஹீம் காரை எடுத்தார். சீசன் தொடங்கியது. ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகப் போனது. காலையில் கொஞ்சம் சத்தம் வருகிறது என்று ஒருதடவை டெலிபோனில் சொன்னார். ஜெர்மன் கார் அப்படித்தான், ஒயில் ஏறினால் சரியாகிவிடும் என்றேன். அதில் பாதி உண்மை. பிறகு ஒருநாள், வயதான வெள்ளைக்காரத் தம்பதியை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகும்போது, கந்தளாய் தாண்டிக் காட்டு வீதியில் செயின் பல் நழுவி எஞ்சின் உள்ளேயே மோதிச் செத்தது. அவர்கள் வெயிலில் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். விமானம் அவர்களை விட்டுவிட்டுப் போனது. ஹோட்டல் ரஹீமை விட்டுவிட்டு வேறொருவரைப் பிடித்தது.

காரை இழுத்துக்கொண்டு நம் கராஜுக்குத்தான் வந்தார். வேறு எங்கே போவார்? பார்த்துக் கொடுத்த சேர் இங்கேதானே இருக்கிறார்.

எஞ்சின் மூடியை நானே கழற்றினேன். செயினை இறுக்கும் பாகம் தேய்ந்து மெலிந்திருந்தது. செயின் ஓடும் பிளாஸ்டிக் தண்டவாளம் உடைந்து, துண்டுகள் அடியில் கிடந்தன. உடைந்த விளிம்புகள் ஒயிலில் ஊறிக் கறுத்திருந்தன. ஒரு பல் இன்று உடைந்ததா, முன்பே உடைந்ததா என்று பல் டொக்டருக்குத் தெரியும். இது ரஹீம் கார் வாங்க முன்பே உடைந்தது. ஒரே ஒரு காலையில் அந்தச் சத்தத்தைக் கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

அன்று கராஜில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எஞ்சினைச் சுற்றி நின்றார்கள். புதியவர்களுக்கு இதை வாசித்துக் காட்டப்போகும் மூத்தவர்களே, உங்களில் சிலரும் அந்தக் கூட்டத்தில் நின்றீர்கள். எல்லோரும் சேர் என்ன சொல்கிறார் என்று என் முகத்தைப் பார்த்தீர்கள். ரஹீம் எஞ்சினைப் பார்க்கவில்லை. அவரும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

“நான் என்ன பிழ செஞ்ச சேர்?”

அவர் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே கேட்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். அவரோ பதிலை என் கையில் எடுத்துத் தந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.

“ரஹீம், இது வேன் இல்ல. விடிய ஸ்டார்ட் பண்ணின உடன மிதிச்சிருப்பீங்கள். உங்களுக்கு வேன் கை. இந்தக் கார் வேன் கையைத் தாங்காது.”

யாரோ சிரித்தார்கள். ரஹீம் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

“இரிக்கும் சேர்” என்றார். “நான் வேன் ஓடின ஆள்தானே.”

அடுத்த வாரம் அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் கிண்ணியாத் தயிர்ச் சட்டி. உட்காரச் சொல்லியும் கதிரையில் உட்காரவில்லை.

“சேர் நல்ல காரத்தான் பாத்துத் தந்த. நான் அதப் பழுதாக்கி உங்கட பேரயும் கெடுத்துட்டன். மனசில வெச்சிக்காதீங்க.”

நான் பெருந்தன்மையோடு மனதில் வைத்துக்கொள்ளவில்லை. தயிரையும் சாப்பிட்டேன். நல்ல கட்டித் தயிர். இன்றைக்கும் என்னால் மறக்க முடியாத சாப்பாடு அது. நிலாவெளி மீன் குழம்பு இரண்டாவது.

நாகராசாவை ஒருநாள் சந்தையில் கண்டு, காலையில் அந்தக் கார் சத்தம் போடுவது அவருக்குத் தெரியுமா என்று கேட்டேன். “நான் விக்க வந்தனான், நீங்கள் பார்க்க வந்தனீங்கள் சேர்” என்றார், அதே மரியாதையோடு. “நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே.” அந்த மனிதரில் கோபப்பட முயன்றேன். சரிவரவில்லை. அவர் தன் வேலையைச் செய்திருந்தார்.

‘வேன் கை’ என்ற சொல் கராஜில் நிலைத்துவிட்டது. அது ஒரு நோயின் பெயராகவே ஆகிவிட்டது. பார்த்துக் கொடுத்த வாகனம் திரும்பி வந்தால் ‘வேன் கை.’ காரணம் கண்டுபிடிக்கச் சோம்பலும் பஞ்சியுமாக இருந்தால் ‘வேன் கை.’ ‘லொறிக் கை’, ‘ஓட்டோக் கை’ என்று நீங்கள் கிளைகளும் விட்டிருக்கிறீர்கள். போன மாதம் கராஜுக்கு வந்தபோது, உங்களில் ஒருவர் ஒரு ஆசிரியையிடம் “உங்களுக்கு ஸ்கூட்டிக் கை, மிஸ்” என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த மிஸ்ஸும் சிரித்தார். சிரித்துவிட்டு வெட்கத்தோடு கார்த் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு நல்ல மாணவர்கள் வாய்த்திருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த வாரம் தோப்பூருக்கு ஒரு கலியாணத்துக்குப் போனேன். மூதூரில் பஸ் மாறி ஏறினால், ஜன்னலோரத்தில் ரஹீம். தாடி நரைத்திருந்தது. “சேர்!” என்று எழுந்து இடம் தந்தார். கிண்ணியா வீட்டைக் கார்க் கடனுக்குக் கொடுத்துவிட்டுத் தோப்பூரில் மனைவியின் ஊரோடு இருக்கிறாராம். மச்சானுடைய வயலில் வேலை.

“இப்ப என்ன ஓடுறீங்கள்?” என்று கேட்டேன்.

“ஓடுறதா? நான் இப்ப ஒண்டும் தொடுறதில்ல சேர். நமக்கு வேன் கை எண்டு நீங்கதானே சொன்ன. மச்சான்ட வேன் முத்தத்தில நிக்கி. நான் அதுல ஏறுற, இறங்குற. அவ்வளவுதான்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு, பயணத்தில் பொழுதுபோக்குக்குச் சொல்வது போல, மகளின் பிரசவக் கதையைச் சொன்னார். பட்டப்பகலில் வலி வந்துவிட்டதாம். மச்சான் வயலில். வேன் முற்றத்தில், அதன் திறப்பு சுவர் ஆணியில். ரஹீம் வேனைத் தாண்டி வீதிக்கு ஓடி, ஓடத் தெரிந்த ஆள் யாராவது வருகிறார்களா என்று நின்றாராம்.

“புள்ள கத்துது. பொஞ்சாதி ஏசுறா. ‘வாப்பா, நீங்களே எடுங்க’ எண்டு புள்ள கெஞ்சுது. ஆணியில கிடக்கிற திறப்ப எடுக்க எனக்கு ஏலாமப் போச்சு சேர். நான் தொட்டா இதுவும் வழியில நிண்டிருமெண்டு ஒரு பயம். அல்லாஹ்ட காவல், பக்கத்து வீட்டுப் பெடியன் வந்து எடுத்தான். ஆசுபத்திரி வாசல்லயே பேரன் பொறந்துட்டான். நல்ல காலம்.”

பஸ்ஸில் இருந்த ஒரு பெண்மணி அதைக் கேட்டுச் சிரித்தார். ரஹீமும் சேர்ந்து சிரித்தார். சோதனைச் சாவடிகளைக் கடந்து ஊரையே தூங்கவைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதன், மகள் கத்தும்போது ஓடத் தெரிந்த ஆளைத் தேடி வீதியில் நின்றிருக்கிறார். என்னுடைய ஒரு வசனத்தை இத்தனை காலமாக அவர் வேதவாக்காக வைத்திருந்தார். எனக்கோ அது அன்று மத்தியானமே கராஜில் சிரிக்கும் பகிடியாகிவிட்டது.

கலியாணத்துக்குப் போகவில்லை. அவரோடு இறங்கி அவருடைய வீட்டுக்கு நடந்தேன். வழியில் மூன்று நான்கு தடவை சொல்ல முயன்று, வெயிலைப் பற்றிப் பேசினேன். வேளாண்மையைப் பற்றிக் கேட்டேன். முற்றத்தில் அந்த வேனைக் கண்டதும் அதற்கு மேல் நடக்க ஏலவில்லை. நின்றபடியே சொன்னேன்.

“ரஹீம், அந்தக் கார் நீங்கள் வாங்க முதலே பழுது. செயின் ஓடுற தண்டவாளம் முதலே உடைஞ்சிருந்தது. நான் விடியக் குளிர் எஞ்சினில பார்க்கேல்ல. அவர் ஏத்த வந்தார், ஏறிட்டன். எஞ்சினைக் கழற்றின அண்டைக்கே எனக்குத் தெரியும். பெடியளுக்கு முன்னால என்ர பேர் போயிடும் எண்டு பயத்தில பழியை உங்களில போட்டனான். உங்கட கையில ஒரு பிழையும் இல்ல.”

அவர் வேனைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி சுபைதா தேத்தண்ணியோடு குசினியிலிருந்து வந்தார். நான் கையை நீட்டினேன். ரஹீம் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

“தேத்தண்ணி பொறகு. சேர், இப்ப எனக்குச் சொன்னத இவக்கும் சொல்லுங்க. ஒரு சொல்லும் விடாமச் சொல்லுங்க.”

சொன்னேன். இரண்டாவது தடவை முதல் தடவையைவிடக் கஷ்டமாக இருந்தது. முதல் தடவையில் ஒரு வேகம் இருந்தது.

சுபைதா தட்டைக் கீழே வைத்தார். “அப்ப நான் இத்தன வருஷமா இந்த மனிசன ஏசின ஏச்செல்லாம்? காரத் திண்டவன், வீட்டத் திண்டவன் எண்டு வாய்க்கு வந்தபடி ஏசினேனே. அத யாரு திரும்ப எடுக்கிற?”

“அந்தப் பிழை என்னுடையது” என்றேன்.

“நீங்க எப்பிடி எடுக்கிற? ஏசின நான். நீங்க வந்து சொல்லிட்டுப் போயிருவீங்க. நான் இந்த மனிசண்ட முகத்த இனி எப்பிடிப் பாக்கிற?”

நான் குனிந்து தேத்தண்ணித் தட்டை எடுத்துத் திண்ணையில் வைத்தேன்.

மச்சானை வயலிலிருந்து கூப்பிட்டார்கள். சேற்றுக் காலோடு வந்தார். அவருக்கும் சொன்னேன். அவரும் ரஹீமை ‘வேன் கை’ என்று நிறையப் பகிடி பண்ணியிருக்க வேண்டும். கேட்டு முடிந்ததும் தலை குனிந்தார். பிறகு உள்ளே போய்த் திறப்பை எடுத்து வந்து ரஹீமுக்கு முன்னால் நீட்டினார்.

“சேரச் சந்தியில விடணும் மச்சான். எனக்குக் கால் சேறு.”

ரஹீம் உடனே வாங்கவில்லை. சுபைதா முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எடுங்களேன். நானும் வாறன்” என்று சொல்லிவிட்டு முதலில் போய் ஏறிக்கொண்டார்.

ரஹீம் வேனை ஓடினார். தொடக்கத்தில் மாட்டுவண்டியைப் போல. கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வாய்க்கால் பாலம் தாண்டியதும் கொஞ்சம் வேகம் பிடித்தார். சந்தியில் நிறுத்தியது எனக்குத் தெரியவில்லை, அவ்வளவு மெதுவாக நின்றது.

இறங்கி ஜன்னலருகே நின்று, என்னை மன்னிக்க முடியுமா என்று கேட்டேன்.

“அதக் கேட்டுக்கிட்டு இப்ப நிக்காதீங்க சேர். அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில இரிக்கி, ஆறுதலாப் பாப்பம். எனக்கு ஒரு வேல செய்யுங்க. அண்டைக்கு உங்கட கராஜில சுத்தி நிண்டு சிரிச்சாங்களே, அவங்களுக்குச் சொல்லுங்க. இப்ப புதுசா வந்தவங்களுக்கும் சொல்லுங்க. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. நல்ல தமிழ்ல சுத்தி வளைக்காம.”

அதைத்தான் செய்திருக்கிறேன். நாலு பக்கக் குறிப்பு கேட்ட முதலாளி மன்னிக்கட்டும்.

மச்சானின் வேனுக்கு சேர்விஸ் செய்ய வேண்டியிருக்கிறது. வருகிற வாரம் ரஹீமே அதை ஓடிக்கொண்டு உங்களிடம் வருகிறார். நானும் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். உங்களில் யாராவது ‘வேன் கை’ என்று சொல்கிறீர்களா என்று அவர் தன் காதாலேயே கேட்டுப் பார்க்க வேண்டுமாம்.